கொல்கத்தாவுக்கு நான்கு நாள் தகுமா?

சென்னையிலிருந்து டார்ஜிலிங்குக்கும் காங்டாக்குக்கும் ஆள் சேர்க்கும் சுற்றுலாத் திட்டங்களில் கொல்கத்தாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல். காலையில் விக்டோரியா நினைவகத்தின் முன்னால் ஒரு படம், பிறகு காளிகாட், தட்சிணேஸ்வரம், ஹௌரா பாலத்தின் மேல் ஓடும் வண்டியிலிருந்து ஒரு பார்வை, பை நிறைய ரசகுல்லா, மாலையில் மலைக்கு ரயில். இப்படித் திட்டம் வகுப்பவர்கள் ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் சொல்கிறார்கள்: இது தங்குகிற ஊர் இல்லை, கடந்துபோகிற ஊர். அந்தத் தீர்ப்பு நிற்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அவசரமில்லாமல் ஊர் பார்க்கவும், கலையைக் காணவும், நன்றாகச் சாப்பிடவும், இரவில் வெளியே போய்வரவும் விரும்பும் ஒருவர் கொல்கத்தாவுக்கு மட்டும் என்று நான்கு நாள் ஒதுக்கலாமா என்பதே கேள்வி.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். நிதானமான நகரப் பயணத்தை, பார்த்த இடங்களின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. எண்ணிக்கைதான் அளவென்றால் ஒரு பகல் பேருந்துச் சுற்றுலாவே வென்றுவிடும். நான் வைக்கும் அளவுகள் மூன்று. ஒன்று, காட்சி, கலை, உணவு, இரவு ஆகிய நான்கிலும் ஊரிடம் சரக்கு இருக்க வேண்டும். இரண்டு, அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். பாதி நாள் போக்குவரத்து நெரிசலில் கழிந்தால் நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று, அந்த ஊர்க்காரர்களுக்கே ஓய்வைக் கழிக்கும் பழக்கமும் அதற்கான பொது இடங்களும் இருக்க வேண்டும். பயணிகளுக்கென்று கட்டிய உல்லாசம் இரண்டாம் நாளே சலித்துவிடும். உள்ளூர் மக்கள் தங்களுக்காக வைத்திருக்கும் மாலைப்பொழுதில் வெளியூர்க்காரரும் போய் உட்காரும்போதுதான் ஊர் புரியத் தொடங்குகிறது.

காட்சி

நினைவுச்சின்னங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கொல்கத்தா பின்தங்கிய ஊர்தான். முந்நூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டிய வணிக நகரத்தில் தஞ்சைப் பெரிய கோயிலையோ தாஜ்மகாலையோ தேட முடியாது. 1906இல் அடிக்கல் நாட்டி 1921இல் திறந்த விக்டோரியா நினைவகம் பெரியது, வெண்மையானது, மக்ரானா பளிங்கால் ஆனது. ஆனால் அதற்காக மட்டும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் கடந்து வர வேண்டியதில்லை.

இந்த ஊரின் பலம் அடர்த்தியில் இருக்கிறது. மைதானம் என்றே பெயர்பெற்ற நகர நடுவின் திறந்தவெளியின் விளிம்பில், சௌரங்கி சாலையை ஒட்டி, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்குள் இந்திய அருங்காட்சியகம், பார்க் ஸ்ட்ரீட், புனித பவுல் பேராலயம், விக்டோரியா நினைவகம், நுண்கலை அகாடமி, ரவீந்திர சதன், நந்தன் திரைப்பட மையம் எல்லாம் வந்துவிடுகின்றன. 1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோவாக ஓடத் தொடங்கிய அதே தடம் தெற்கே காளிகாட்டையும் வடக்கே கிரீஷ் பார்க், சோவாபஜார் வழியாகத் தாகூர் வீட்டையும் சிலை வடிக்கும் குமார்ட்டுலியையும் இணைக்கிறது. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ போய்விட்டது. ஆற்றின் மேல் போக விரும்பினால் படகு இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. அந்தப் படகிலிருந்து பார்க்கும்போதுதான் 1943இல் திறந்த ஹௌரா பாலத்தின் பிரம்மாண்டம் தெரியும். பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும்.

வரலாற்றைக் கல்லில் தொட்டுப் பார்க்க விரும்புபவர் பழைய டல்ஹௌசி சதுக்கத்துக்குப் பக்கத்தில், 1787இல் எழுந்த புனித யோவான் தேவாலயத்துக்குப் போக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே இருக்கிறது. அந்தக் கல்லின் வகையை 1893இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், சார்னோக்கின் பெயரையே வைத்துச் சார்னோக்கைட் என்று அழைத்தார். நம் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளும் அதே வகையைச் சேர்ந்தவை. சென்னையையும் கொல்கத்தாவையும் ஒரே கம்பெனி ஆண்டது என்பதைப் பாடநூலைவிட அழுத்தமாக அந்தக் கல் சொல்கிறது.

குறையையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். நடக்கத் தூண்டும் இந்த ஊரில் நடைபாதை நடப்பவருக்குக் கிடைப்பதில்லை. கரியாஹாட், நியூ மார்க்கெட் பகுதிகளில் கடைகள் போக மிஞ்சும் இடத்தில் உடலை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இது வெறும் அசௌகரியம் என்ற அளவில் நிற்பதில்லை; பயணத்தையே தடுத்துவிடும். 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம், நிதானமான பயணத்துக்கென்றே அமைந்த வாகனம். ஒரே ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது. தன் பெரிய சொத்தைத் தானே கைவிடும் ஊரைப் பற்றி வருந்தத்தான் வேண்டும்.

கலை

கொல்கத்தாவின் உறுதியான வாதம் கலைதான். 1814இல் ஆசியக் கழகம் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம் நாட்டிலேயே பழமையானது. சுற்றுலாக் குழுக்கள் எகிப்திய மம்மியைப் பார்த்துவிட்டு வெளியேறும் இந்தக் கட்டடத்தில்தான், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலி நிற்கிறது. வணிகர் அனாதபிண்டிகர் புத்தருக்காகச் சேதவனத் தோப்பை வாங்கும் காட்சி ஒரே வட்டத்துக்குள் செதுக்கப்பட்டிருக்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி, அதிலிருந்து இறங்கும் காசுகள், தரை முழுவதும் பரப்பிய சதுரக் காசுகள், தாரை வார்க்க நீர்க்கலத்தோடு நிற்கும் வணிகர், எல்லாவற்றுக்கும் கீழே பிராமி எழுத்தில் கதையைச் சொல்லும் குறிப்பு. கதையின் தொடக்கமும் முடிவும் ஒரே சட்டத்துக்குள் எப்படி அமர்ந்தன என்று கண்டுகொள்ள நேரம் வேண்டும். அந்தக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுக்காதவர் அருங்காட்சியகத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஜோராசாங்கோவில் ரவீந்திரநாத் தாகூர் 1861இல் பிறந்து 1941இல் கண்மூடிய வீடு இன்று அருங்காட்சியகம். வங்க ஓவிய மரபைத் தொடங்கிவைத்த அபனீந்திரநாத்தும் அவருடைய அண்ணன் ககனேந்திரநாத்தும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அபனீந்திரநாத்திடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சவுத்ரிதான் பின்னாளில் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராகி, மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்தார். தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு ஜோராசாங்கோ அந்நியமான இடம் இல்லை.

அருங்காட்சியகங்கள் எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. கொல்கத்தா தனித்து நிற்பது கலை இன்றும் அங்கே அன்றாடப் பழக்கமாக இருப்பதால்தான். 1933இல் தொடங்கிய நுண்கலை அகாடமியில் பிற்பகல் முழுவதும் இளம் ஓவியர்களின் காட்சிகள். மாலையானதும் அதே வளாகத்தில் வங்க நாடகம். பக்கத்தில் 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்து, அவரே சின்னமும் வரைந்துகொடுத்த நந்தன். தெற்கே பிர்லா அகாடமி, சீமா, எக்ஸ்பெரிமென்ட்டர் போன்ற கூடங்களில் சமகாலக் கலை. வடக்கே குமார்ட்டுலியில் மூங்கிலும் வைக்கோலும் களிமண்ணும் தெய்வ உருவாகிக்கொண்டிருக்கும். துர்கா பூஜைக்கு முந்தைய மாதங்களில் அந்தச் சந்துகள் நிரம்பி வழியும். ஜனவரியில் சரஸ்வதி பூஜைக்கான சிலைகளுக்காக மறுபடியும் உயிர்பெறும்.

குறை இங்கேயும் உண்டு. நகரத்தின் பழைய காட்சிக்கூடங்கள் பலவற்றில் விளக்கொளியும் விளக்கக்குறிப்பும் பொருளின் பெருமைக்கு ஈடாக இல்லை. பழுதுபார்ப்பு என்று பகுதிகள் மூடியிருப்பதும் உண்டு. 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மார்பிள் பேலஸ் போன்ற தனியார் மாளிகைகளுக்குப் போக முன் அனுமதி பற்றி விசாரிக்க வேண்டும். திங்கள்கிழமைகளில் முக்கியமான அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை. முன்னதாகப் படித்துவிட்டு வருபவருக்கு இந்தக் கலை முழுமையாகக் கிடைக்கும். படிக்காமல் வருபவருக்குப் பாதிதான்.

உணவு

ஒரு ஊரின் உணவு ஆழமானதா என்பதை இரண்டு வழியில் அறியலாம். எத்தனை வகை மக்கள் அங்கே வந்து சமைத்தார்கள், அந்த ஊரின் சொந்தச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு உண்டா என்பவை அவை. இரண்டிலும் கொல்கத்தாவை இந்தியாவில் வெகு சில ஊர்களே நெருங்க முடியும்.

1856இல் ஆட்சி பறிபோய் மெட்டியாபுருஜில் குடியேறிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் வழியே வந்தது உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. பாக்தாதி யூதர் 1902இல் தொடங்கிய நாஹூம் அடுமனை நியூ மார்க்கெட்டில் இன்றும் கேக் சுடுகிறது. ஹக்கா சீனர்கள் டிரெட்டி பஜாரில் விடியற்காலை உணவையும் டாங்ராவில் இரவு உணவையும் தந்தார்கள். நிஜாம்ஸ் கடையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது காட்டி ரோல். பார்க் ஸ்ட்ரீட்டில் 1927 முதல் ஃப்ளூரிஸ் தேநீரும் பேஸ்ட்ரியும் பரிமாறுகிறது.

சொந்தச் சாப்பாடோ வரிசைப்படி வருவது. முதலில் கசப்பான சுக்தோ, பிறகு பருப்பும் வறுவலும், அதன் பின் கசகசா போட்ட கறி, மீன், இறைச்சி, கடைசியில் இனிப்பான சட்னி, அப்பளம், மிட்டாய். கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும் இந்த ஒழுங்கு அவசரத்தில் சாப்பிடுபவருக்குப் பிடிபடாது. இதைக் குறைந்த செலவில் உண்ண வடக்கு, மத்தியக் கொல்கத்தாவின் பைஸ் ஹோட்டல்களுக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி விலை. சில இடங்களில் வாழையிலைக்கும் காசு உண்டு. மீன் விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால் ஒரு மணிக்குள் போய்விடுவது நல்லது.

சைவர்களுக்கு இங்கே என்ன கிடைக்கும் என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களிடம் எப்போதும் எழும். வங்கத்தின் சைவச் சமையலைப் பெரும்பகுதி வளர்த்தெடுத்தவர்கள் விதவைகள். மீனும் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் வாழைப்பூவையும் கசகசாவையும் பூசணித் தண்டையும் வைத்து ஒரு தனிச் சமையலையே உருவாக்கினார்கள். கொடுமையான கட்டுப்பாட்டுக்குள் பிறந்த கலை அது. மரியாதையோடு உண்ண வேண்டியது. அதோடு லூச்சி, ஆலூர் தம், காலைநேரக் கச்சோரி, கடலைப்பருப்புக் குழம்பு எல்லாம் உண்டு. கடுகெண்ணெய் வாசனைக்கு நாக்கு பழக ஓரிரு வேளை ஆகும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியில் இட்லியும் நல்ல காப்பியும் கிடைக்கும். உடல்நிலை கேட்டால் போகலாம். நான்கு நாளும் அங்கேயே சாப்பிடுவது வந்த நோக்கத்தையே கெடுக்கும்.

இனிப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: குளிர்காலத்தில் போங்கள். புது ஈச்சம் வெல்லமான நொலேன் குர் அப்போதுதான் இறக்கப்படும். அந்த வெல்லத்தில் செய்த சந்தேஷுக்குப் பக்கத்தில், டப்பாவில் அடைத்து விமானத்தில் வரும் ரசகுல்லா நிற்க முடியாது. உணவில் கொல்கத்தா எதிர்ப்பின்றி வெல்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டின் புகழ்பெற்ற மேலைநாட்டு உணவகங்களை மட்டும் சற்றுக் கண்டிப்போடு அளக்க வேண்டும். அவற்றின் பெயரில் பாதி பழைய நினைவுகளால் வாழ்கிறது.

இரவு

நான்கில் அதிகம் சர்ச்சைக்குரியது இரவு வாழ்க்கை. மதுக்கூடங்கள், நடன அரங்குகள், விடியும்வரை திறந்திருக்கும் கடைகள் என்ற பொருளில் மும்பையும் பெங்களூருவும் கொல்கத்தாவை எளிதாக மிஞ்சுகின்றன. பார்க் ஸ்ட்ரீட்டின் பொற்காலம் ஐம்பதுகளும் அறுபதுகளும். அறுபதுகளின் இறுதியில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் சென்னை மவுன்ட் ரோட்டில் பாடிவிட்டு இங்கே டிரிங்காஸ் உணவக மேடைக்கு வந்து புகழ்பெற்றார். எழுபதுகளின் அரசியல் கொந்தளிப்பும் கேளிக்கை வரியும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. இன்று டிரிங்காஸிலும் பார்க் ஹோட்டலின் சம்பிளேஸ் எல்ஸிலும் நேரடி இசை தொடர்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விளக்குகள் அந்தத் தெருவை முழுதாக நிரப்புகின்றன. ஆனாலும் இது ஒரு தெருவைச் சுற்றிய இரவுதான்.

இரவு என்றால் இசையும் நாடகமும் சினிமாவும் பேச்சும் என்று விரித்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. மாலை ஆறரைக்கு நாடகம், பிறகு அகாடமி வாசலில் தேநீரும் விவாதமும். 1952 முதல் நடக்கும் டோவர் லேன் இசை மாநாட்டில் ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் சால்வை போர்த்திக்கொண்டு விடிய விடிய இந்துஸ்தானி இசை கேட்கிறார்கள். நள்ளிரவு கடந்து பாடும் ராகங்களை அவற்றுக்குரிய நேரத்தில் கேட்கும் அனுபவம் மாலைக் கச்சேரிகளுக்கு மட்டுமே பழகிய நமக்குப் புதியது. டிசம்பர் சென்னை சபாக்களுக்கு நிகரான இரவுச் செல்வம் இது.

ஆனால் யாருக்கான இரவு என்பதையும் கேட்க வேண்டும். நள்ளிரவுக்கு முன்பே மெட்ரோ ஓய்ந்துவிடும். அதன்பின் வாடகைக் காரை நம்ப வேண்டும். 2024 ஆகஸ்டில், அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டதை எதிர்த்து, இரவை மீட்போம் என்ற முழக்கத்தோடு பெண்கள் நள்ளிரவில் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தத் துணிச்சலும் இந்த ஊருடையதே. தனியாகச் செல்லும் பெண் பயணி, தங்குமிடத்தைப் பார்க் ஸ்ட்ரீட் அல்லது தெற்குக் கொல்கத்தா போன்ற நடமாட்டமுள்ள பகுதியில் வைத்துக்கொண்டு, திரும்பும் வண்டியை முன்பே உறுதிசெய்துகொள்வது அவசியம்.

எதிர்வாதங்கள்

கொல்கத்தாவுக்குப் பதில் வேறு ஊர் ஏன் கூடாது? மும்பையின் காலா கோடாவில் சிவாஜி அருங்காட்சியகம், தேசிய நவீனக் கலைக்கூடம், ஜஹாங்கீர் கூடம் மூன்றும் சேர்ந்தே நிற்கின்றன; இரவும் பெரியது. ஆனால் அறை வாடகையும் தூரங்களும் நிதானத்தைத் தின்றுவிடும். தில்லியின் சின்னங்கள் ஒப்பற்றவை. அவற்றுக்கிடையே ஓடுவதே நாளின் பாதி. கொச்சிக் கோட்டைப் பகுதி நடக்க இனியது. பினாலே என்ற கலைவிழா நடக்கும் பருவத்தில் கலையும் உண்டு. பினாலே இல்லாத பருவத்தில் இரண்டு நாளுக்குமேல் அது தாங்காது. நான்கும் பக்கம்பக்கமாக, நடுத்தரச் செலவில், ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஊர் என்று பார்த்தால் கொல்கத்தாவே முன்னுக்கு வருகிறது.

துர்கா பூஜையின்போது போகலாமே என்பார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த விழா நாட்டின் மிகப் பெரிய தெருவோரக் கலைக்காட்சி. அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நாட்களில் கூட்டத்தோடு நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. அது வேறு வகைப் பயணம். முதல் முறை போகும் நிதானப் பயணிக்கு உகந்ததல்ல.

வலுவான எதிர்வாதம் காற்று. வெயிலும் புழுக்கமும் இல்லாத டிசம்பர், ஜனவரியில்தான் மாசு உச்சத்துக்குப் போகிறது. கோடையில் உடல் தாங்காது. மழைக்காலத்தில் தெருக்கள் குளமாகும். குளிர்காலத்தில் மூச்சு சிரமப்படும். இதற்கு மறுப்பு ஏதும் என்னிடம் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும், அல்லது பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிப்போட வேண்டும்.

தீர்ப்பு

காட்சியில் நடுத்தரம், கலையில் உயர்வு, உணவில் முதலிடம், இரவில் நிபந்தனையோடு நன்று, அருகமைவில் மிக நன்று, நடைபாதையிலும் காற்றிலும் தோல்வி. மூன்றாவது அளவுகோலான உள்ளூர் ஓய்வுப் பழக்கத்தில் கொல்கத்தாவுக்குப் போட்டியே இல்லை. கல்லூரித் தெருக் காபி ஹவுஸில் ஒரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை யாரும் எழுப்புவதில்லை. நிதானம் அங்கே பயணிக்கு விற்கும் சரக்கு இல்லை, ஊராரின் உரிமை. ஆகவே கொல்கத்தாவுக்கு நான்கு நாள் தகும். ஒரு பகலில் முடித்துக்கொள்ளும் வழக்கம் பிழையானது.

போகும் முறையும் தீர்ப்பின் பகுதியே. செவ்வாயன்று தொடங்குங்கள். ஒரு நாள் மைதானத்தைச் சுற்றி, ஒரு நாள் வடக்கு, ஒரு நாள் டல்ஹௌசியும் ஆறும், ஒரு நாள் தெற்கு. நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம். மதியச் சாப்பாட்டுக்கு முழு நேரம். மாலைக்கு ஒரு நாடகம் அல்லது கச்சேரி. தேர்வு உங்கள் கையில் என்றால் ஜனவரியின் கடைசி வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈச்சம் வெல்லம், டோவர் லேன் இசை, குமார்ட்டுலியின் சரஸ்வதிகள், அந்த நாட்களையொட்டித் தொடங்கும் புத்தகக் கண்காட்சி எல்லாம் அப்போதுதான் கூடிவரும். குடியரசு நாள் விடுமுறையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டார்ஜிலிங்கை வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவுக்கென்று தனியாக ஒரு பயணச்சீட்டு எடுங்கள்.